முதல் பதிவு முழுதாக இருக்கட்டும்

அம்மணி,

காங்கேயம் பக்கம் அண்ணமார் கதை உடுக்கடிப் பாட்டைப் பதிவு செய்யப் போவதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. எம்பி3-யில் 320 வைத்தால் போதாதா, யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்றும் கேட்டிருந்தாய். வெறுமனே கேட்பதற்கு என்றால் போதும். நல்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டாலும் பெரும்பாலானோரால் 320 கேபிபிஎஸ் எம்பி3-யையும் மூலத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. இதில் உன்னிடம் மிகைப்படுத்திப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் உன் பதிவு கேட்பதோடு நிற்கப்போவதில்லை.

1965-ல் பிரெண்டா பெக், அப்போது ஆராய்ச்சி மாணவி, காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி இதே கதையை இரவிரவாகப் பாடக் கேட்டு டேப்பில் பிடித்தார். 1982-ல் அதைப் பற்றி அவருடைய ஆய்வு நூல் வந்தது. 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டது. பிறகு அது 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் ஆனது. டேப் சுழன்ற அந்த இரவுகளில் இதையெல்லாம் யார் கண்டார்கள்? நீ பிடிக்கிற ஒலியை வைத்து 2060-ல் ஒருவர் என்ன செய்வார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எம்பி3-யின் சிக்கல் இங்கேதான். பெரிய ஒலிக்கு அடியில் மறைந்து காதுக்கு எட்டாது என்று அது கணக்குப் போடுகிற சிறிய ஒலியின் நுணுக்கங்களை எல்லாம் கழித்துவிடுகிறது. உடுக்கை ஓங்கி ஒலிக்கையில் பின்பாட்டுக்காரர் குரல் அடியில் கிடக்கும். நாளை ஒருவர் உடுக்கையைத் தணித்து அந்தக் குரலை மேலே கொண்டுவரப் பார்த்தால், குரலின் பல நுணுக்கங்கள் அங்கே இருக்காது. ஜெனரேட்டர் இரைச்சலை நீக்க முயன்றாலும் இதே கதிதான். போன எதையும் பிறகு வேவ் கோப்பாக மாற்றி மீட்க முடியாது. கோப்பு பெரிதாகும், அவ்வளவே.

இன்னொன்று நம் வாத்தியங்களுக்கே உரியது. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறது. உடுக்கை, பறை போலச் சட்டென்று விழும் அடி ஒரு துண்டின் நடுவில் வந்தால், சுருக்கத்தில் பிறந்த இரைச்சல் அடிக்கு முன்னாலும் பரவிவிடும். 128 கேபிபிஎஸ்-ல் இது நன்றாகவே கேட்கும். அடியின் கூர்மை மழுங்கிவிடும். நாகஸ்வரத்தின் நீண்ட கார்வைக்கு அவ்வளவு சேதமில்லை.

ஆகவே பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ்-இல் செய். ஒலிக் காப்பகங்களின் உலகச் சங்கமான ஐஏஎஸ்ஏ பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் என்று சொல்வதும் இந்த அளவைத்தான். 192 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். 48-லேயே 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகும், மனிதக் காது 20-ஐத் தாண்டாது. 24 பிட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதே. கதை சொல்பவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்து திடீரென்று ஓங்கி அடிப்பார். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில் நிற்கும்படி அளவைக் குறைத்து வை. பிறகு தாராளமாக உயர்த்தலாம், 24 பிட்டில் இரைச்சல் தொந்தரவாகாது. உச்சியில் முட்டி உடைந்த ஒலியை முழுதாகச் சரிசெய்ய வழி கிடையாது.

ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். ஒரு முழு இரவு சிறிய மெமரி கார்டில் அடங்கிவிடும். வேவ் கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டாது. நான்கு மணி நேரத்திலோ அதற்கு முன்போ ரெக்கார்டர் அடுத்த கோப்புக்குப் போகும், பயப்படாதே.

வீட்டுக்கு வந்ததும் வேவ் கோப்பை ஃப்ளாக் (FLAC) ஆக மாற்றி வை. இடம் பாதியளவாகக் குறையும், ஆனால் ஒரு துளி ஒலியும் போகாது. விரித்தால் அதே வேவ் அப்படியே கிடைக்கும். கோப்பு கெட்டுப்போனால் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்ணும் உள்ளேயே இருக்கிறது. பாடினவர் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வை. வாட்ஸ்அப்பில் அனுப்பவும் பாடினவர் குடும்பத்துக்குக் கொடுக்கவும் எம்பி3 தாராளமாகப் போடு. அவர்கள் போனில் அதுதான் சிரமமில்லாமல் பாடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த ஃப்ளாக்கிலிருந்தே எடு. எம்பி3-யிலிருந்து இன்னொரு எம்பி3 எடுக்காதே.

மைக் எங்கே வைப்பது என்பதுதான் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம். அதற்குத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு ரெக்கார்டரைத் திறந்து, அமைப்பில் எம்பி3 என்று இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடு. பந்தலில் உடுக்கை முழங்க ஆரம்பித்த பிறகு உனக்கு அது ஞாபகம் வராது.