இரண்டாம் மாதத்தில் சிவக்கும் தழும்பு

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. டீப்பாய் முனையில் விழுந்து நெற்றி நடுவே செங்குத்தாகக் கிழிந்துவிட்டது. ஐந்தாம் நாளே தையலைப் பிரித்துவிட்டார்கள். அப்போது மெல்லிய கோடாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் ஆகப்போகிறது. இப்போது சிவந்து தடித்திருக்கிறது. சீக்கிரம் பிரித்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் என்ன செய்ய? இன்னொன்று, பொட்டு வைக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: முகத்துத் தையலை ஐந்து நாள் வாக்கில் பிரிப்பதுதான் முறை. கூடுதலாக விட்டுவைத்தால் ஊசி நுழைந்த இடமெல்லாம் தடம் விழுந்து, தழும்பு பூரான் மாதிரி ஆகிவிடும்.

‘குழந்தைத் தோல்தானே, தடமே இல்லாமல் மறைந்துவிடும்’ என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதுவும் சரியில்லை. வளரும் உடம்பு எதையும் மும்முரமாகச் செய்யும், தழும்பையும்தான். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத் தழும்பு அதிக நாள் சிவந்து, தடித்து நிற்பது சகஜம். தடமில்லாமல் ஆறும் வரம் கருவில் ஏறக்குறைய 24 வாரம் வரைதான் உண்டு. பிறப்பதற்குள் அதையும் இழந்துவிடுகிறோம்.

சரி, ஏன் சிவக்கிறது? மேல்தோல் மூடிவிட்டால் காயம் ஆறிவிட்டதாக நினைக்கிறோம். உள்ளே வேலை அப்போதுதான் சூடுபிடிக்கிறது. மூன்றாம் வாரத்தில் அந்த இடத்துக்கு இயல்பான தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் உடம்பு அங்கே கொலாஜனை, அதாவது தோலுக்கு உறுதி தரும் புரத நாரை, அவசர அவசரமாகக் குவிக்கிறது. அந்த வேலைக்கு ரத்தம் வேண்டுமே, புதிய நுண்குழாய்களும் முளைக்கின்றன. சிவப்பு அந்தக் குழாய்கள். தடிப்பு அந்த நார்க்குவியல். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் இது உச்சத்தில் இருக்கும். பிறகு உடம்பே தாறுமாறான நாரைப் பிரித்து ஒழுங்காகப் பின்னும். வேண்டாத குழாய்கள் மூடிக்கொள்ளும். இதற்கு ஒரு வருடம், சில சமயம் ஒன்றரை வருடம் பிடிக்கும். நீங்கள் பார்ப்பது பாதியில் நிற்கும் கட்டடத்தை.

ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. 1861-இல் வியன்னாவின் உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர், சடலங்களின் தோலில் வட்டத் துளைகள் போட்டுப் பார்த்தார்; அவை நீண்ட பிளவுகளாக மாறின. தோலுக்கு ஒரு இழுப்புத் திசை உண்டு என்று அதிலிருந்து வரைபடமே போட்டார். அந்த இழுப்போடு சேர்ந்து போகும் காயம் மெல்லிய கோடாக ஆறும்; குறுக்கே வெட்டும் காயம் அகலும். நெற்றியில் சுருக்கங்களைப் பார்த்தால் போதும், அவை குறுக்கே ஓடுகின்றன. உங்கள் மகளின் காயமோ அவற்றை வெட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கிறது. ஆகவே அடியோடு மறையாது. வெளிறிய கோடாக அடங்கும்.

அக்கா சொன்ன வைட்டமின் ஈ வேண்டாம். 1999-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் அதைத் தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைதான் வந்தது, தழும்புக்குப் பலனில்லை. எலுமிச்சைச் சாறு அதைவிட மோசம். வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிக் கருக்கிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கோன் ஜெல் நல்லது. அது தழும்பின் ஈரத்தைக் காக்கிறது. ஈரம் குறையாவிட்டால் நார் உற்பத்தி தணிகிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தினமும், குறைந்தது இரண்டு மூன்று மாதம் தடவுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் வெயில். நம் நிறத் தோலில் புதுத் தழும்பு சட்டென்று கறுத்துவிடும். வெளியே போனால் தொப்பி, சன்ஸ்கிரீன்.

தடிப்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும்வரை கவலை வேண்டாம். எல்லை தாண்டி நல்ல தோலிலும் பரவினால் அது கீலாய்டு, அதாவது நிற்காமல் வளரும் தழும்பு; உடனே காட்டுங்கள். சீரமைப்பு அறுவை பற்றி ஒரு வருடம் கழித்துப் பேசலாம். அதுவரை தினமும் உற்றுப் பார்க்காதீர்கள். மாதம் ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில், ஒரு போட்டோ போதும். நீங்கள் நெற்றியைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கவனிக்கும் வயது அவளுக்கு.

பொட்டு? ஸ்டிக்கர் வேண்டாம். அதன் பசையிலுள்ள சில ரசாயனங்கள் நல்ல தோலிலேயே அரிப்பையும் வெள்ளைத் திட்டுகளையும் உண்டாக்கும். தழும்பின் மேல் சாந்து, குங்குமமும் இப்போதைக்கு வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால், கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வையுங்கள். மாமியாருக்கும் ஆட்சேபம் இருக்காது.