கணிப்பொறித் திருத்தங்கள்: எதை உடனே ஏற்பது, எதற்குப் பொறுப்பது?

அங்கத்தினர்களின் பயிர்க்கடன் கணக்கும், நெசவாளர் கூலிக் கணக்கும், சேலைகளின் ஜக்கார்டு வடிவங்களும் இன்று கணிப்பொறியில் அடங்கியுள்ளன. அப்பொறியை நடத்தும் அடிப்படை ஏற்பாட்டுக்கு இயங்குதளம் என்று பெயர். அதற்குத் திருத்தங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. அவற்றை ஏற்கும் முறையை ஆராய்வோம்.

திருத்தங்கள் இருவகைப்படும். ஒன்று, கண்டறிந்த ஓட்டையை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தம். விண்டோஸுக்கு இது மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று வெளிவருகிறது. மற்றொன்று, புதிய வசதிகளுடன் தளத்தையே மாற்றியமைக்கும் புதுப்பதிப்பு.

முதல் வகையில் தாமதம் கூடாது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அதே ஓட்டை வழியே புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் சிக்கின. ஆந்திரக் காவல் நிலையங்கள் சிலவும் தப்பவில்லை. மருந்து வந்து இரு மாதமாகியும் உட்கொள்ளாதவரே பெரும்பாலும் துன்புற்றனர்.

இரண்டாம் வகையில் அவசரம் கூடாது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 புதுப்பதிப்பு, சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் அது நிறுத்தப்பட்டு, செப்பனிடப்பெற்று, நவம்பர் 13 அன்று மீண்டும் வழங்கப்பட்டது. ஆறு வாரம் பொறுத்தவர்களுக்கு நட்டமில்லை.

புதுச் சாயத்தை ஒரு சிட்டம் நூலில் தோய்த்துப் பார்த்த பின்னரே மற்ற நூலுக்கு இடுகிறோம். புது விதையை ஒரு பாத்தியில் விதைத்துப் பார்க்கிறோம். இங்கும் அதுவே முறை.

1. முதலில் கணக்குகளைத் தனி வட்டில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி வைக்க வேண்டும். நகல் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2. பாதுகாப்புத் திருத்தத்தை ஒரு பொறியில் ஏற்றி, கணக்கு நிரலும் அச்சுப்பொறியும் சரிவர இயங்கினால், ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றிலும் ஏற்றலாம். ஓட்டை வழியே தாக்குதல் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தால் அன்றே ஏற்றுக.

3. புதுப்பதிப்புக்கு இரண்டு மாதம் பொறுக்கலாம். ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களில் அதைத் தொடவே வேண்டாம்.

4. பொறியின் அமைப்புப் பகுதி வழியாகவே திருத்தம் பெறுக. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பை நம்பற்க.

5. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத அத்தகைய பொறியில் அங்கத்தினர் கணக்கை வைப்பது தகாது.

நமது சங்கத்தில் கடைசியாகத் திருத்தம் ஏற்றிய நாள் எது, நகலெடுத்த நாள் எது என்று அடுத்த கூட்டத்தில் கேட்போம். அதற்கு விடை பதிவேட்டில் இருத்தல் வேண்டும்.