ஜாவா வலையுறுப்புக்கள் இயங்காமைக்குக் காரணம் காணுதல்

கணிப்பொறியியல் பயிலும் மாணாக்கர் பலர், நிரல் எழுதுதலில் வல்லராயிருந்தும், எழுதியதனைச் சர்வரில் நிறுவி இயக்குங்காலத்து இடர்ப்படுகின்றனர். தம் கணிப்பொறியில் செவ்வனே ஓடிய வலையுறுப்பு, சர்வரிற் சென்றவுடன் வாய் திறவாது நிற்கும். அப்பொழுது அவர் செய்வது யாது? கைக்குக் கிட்டிய ஜார் கோப்புக்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இட்டு, சர்வரை நிறுத்தியும் தொடங்கியும் பார்ப்பதே. ஒருகால் உறுப்பு இயங்கினும், ஏன் இயங்கிற்று என்பது விளங்காது. விளங்காமையால், மறுமுறை நிற்குங்கால் மீட்கவும் இயலாது. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிற் பிறந்து, கல்லூரி முடித்து, இத்தொழிலிற் புகும் இளைஞர்க்கு இவ்விடர் முதலாண்டிலேயே எதிர்ப்படக் கூடும். ஆதலின், முறையாகக் காரணம் காணும் வழியை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

சர்வரின் அமைப்பு

பகுதிமுறைச் சர்வரில் ஒவ்வோர் உறுப்பும் ‘பண்டில்’ என்னும் பொதியாக வரும். தான் பிறர்க்குக் கொடுப்பது யாது, பிறரிடத்து வேண்டுவது யாது என்பவற்றை அப்பொதி தன் மானிஃபெஸ்ட் ஏட்டில், எக்ஸ்போர்ட்-பாக்கேஜ், இம்போர்ட்-பாக்கேஜ் என்னும் வரிகளில் எழுதிக் காட்டல் வேண்டும். அங்ஙனம் எழுதப்படாத பாக்கேஜ், அடுத்த பொதியிலேயே இருப்பினும், இல்லாததேயாம்.

இவ்வொழுங்கிற்கு ஓஎஸ்ஜிஐ என்பது பெயர். இதனை வகுத்த சங்கம் 1999-இல் தோன்றிற்று. எக்லிப்ஸ் என்னும் மென்பொருள் 2004-இல் தன் 3.0 பதிப்பில் இதனை மேற்கொண்டது. நம் அண்டை நாடாகிய இலங்கையில், சஞ்சீவ வீரவரண, பால் ஃப்ரீமேன்டில் முதலியோர் 2005-இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ‘கார்பன்’ தளமும், எக்லிப்ஸின் ஈக்வினாக்ஸ் பொறியைக்கொண்டு இவ்வொழுங்கின்மேலேயே கட்டப்பட்டது. ஆதலின் இதனையே உதாரணமாகக் கொள்வாம்.

மூன்று நிலைகள்

பொதியின் நிலைகளைக் கல்லூரியிற் சேரும் மாணவன் நிலைகளோடு ஒப்பிடலாம். விண்ணப்பம் அலுவலகத்திற்கு வந்துசேர்தல் ‘இன்ஸ்டால்ட்’ நிலை. சான்றிதழ்கள் யாவும் சரிபார்க்கப்படுதல் ‘ரிஸால்வ்ட்’ நிலை. வகுப்பில் அமர்ந்து பாடங்கேட்டல் ‘ஆக்டிவ்’ நிலை. வகுப்பில் இல்லாத மாணவனைத் தேடுவோர், அவன் எவ்விடத்தில் நின்றுவிட்டான் என்று முதற்கண் வினவுவர். பொதியினிடத்தும் அங்ஙனமே வினவுதல் வேண்டும். நின்ற நிலையே நோயின் வகையைக் காட்டும்.

கார்பனில் இதனை அறிய, ஓஎஸ்ஜிஐ கன்ஸோல் திறக்கும்படி சர்வரைத் தொடங்கி, ‘எஸ்எஸ்’ என்னும் கட்டளையை இடுக. பொதிகள் யாவும் தத்தம் எண்ணோடும் நிலையோடும் வரிசையாகத் தோன்றும். பட்டியலில் பொதியே காணப்படாவிடின், அது உரிய அடைவிற் சேரவில்லை என்க. கார்பனின் நான்காம் பதிப்பு வரிசையில், ஆயத்தமான பொதி ‘டிராப்பின்ஸ்’ அடைவிலும், பொதியாக்கப்படாத ஜார் கோப்பு ‘லிப்’ அடைவிலும் இடற்பாலன. இவை சர்வர் தொடங்குங்காலத்து மட்டுமே நோக்கப்படும். ஓடும் சர்வரில் இட்டுவிட்டுக் காத்திருத்தல் வீண்.

முதலாவது, பொதி இன்ஸ்டால்ட் நிலையிலேயே நின்றால், வேண்டியது ஒன்று கிடைக்கவில்லை என்பது துணிபு. ‘டயக்’ கட்டளையோடு பொதியின் எண்ணைக் கொடுப்பின், கிடைக்காதது இன்னதென்று சர்வரே கூறும். காரணங்கள் பெரும்பாலும் நான்கு:

1. வேண்டிய பாக்கேஜைத் தரும் பொதி இல்லாமை.

2. பதிப்பெண் பொருந்தாமை. 2 முதல் 3-க்கு உட்பட்டது வேண்டுமென்று எழுதியிருக்க, சர்வரில் 3 இருத்தல் இவ்வகை.

3. பெயர் மாற்றம். ஸெர்வ்லெட் பாக்கேஜ்கள் முன்பு ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கின; 2020-இல் வந்த ஜக்கார்த்தா இஇ 9 முதல் ‘ஜக்கார்த்தா’ என்று தொடங்குகின்றன. டாம்கேட் 9 பழைய பெயரையும், டாம்கேட் 10 புதிய பெயரையும் அறியும்.

4. பொதி ஜாவா 17 வேண்டுமென்று குறித்திருக்க, சர்வர் ஜாவா 11-இல் ஓடுதல்.

இரண்டாவது, ரிஸால்வ்ட் நிலையில் நின்றால், சான்றிதழிற் குறையில்லை; தொடங்குங்கால் உறுப்பின் சொந்த நிரலே பிழைபட்டிருத்தல் கூடும். ‘ஸ்டார்ட்’ கட்டளையிட்டுப் பிழைச்செய்தியைப் படிக்க. ஆயின் ‘ஃபிராக்மென்ட்’ என்னும் துணைப்பொதி, வேறொரு பொதியோடு ஒட்டி வாழ்வதாகலின், என்றும் ரிஸால்வ்ட் நிலையிலேயே இருக்கும். அது குற்றமன்று.

மூன்றாவது, பொதி ஆக்டிவாக இருந்தும் பக்கம் திறவாது 404 என்னும் விடை வருதல். மாணாக்கரை மிகவும் மயக்குவது இதுவே. வலைப்பொதி முறையில், ‘வெப்-கான்டெக்ஸ்ட்பாத்’ என்னும் வரி மானிஃபெஸ்டில் இல்லையெனின், சர்வர் அதனை வலையுறுப்பாகவே மதியாது. ஒரே முகவரியை இரு பொதிகள் கோரின், ஒன்றற்கே இடமுண்டு, மற்றது காத்திருக்கும். உறுப்புச் சார்ந்திருக்கும் வேறொரு சேவை இன்னும் எழாமையும் காரணமாதல் கூடும்.

மிகையால் வரும் கேடு

இனி, கண்ட ஜார்களையெல்லாம் இடுவதால் வரும் தீங்கைக் காண்பாம். ஜாவாவில் ஒரு கிளாஸின் அடையாளம் பெயர் மட்டுமன்று. அதனை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்ததே அடையாளம். சர்வரிடமுள்ள ஸெர்வ்லெட் நூலகத்தையே பொதியினுள்ளும் அடைத்தால், ஒரே பெயருடைய இரு கிளாஸ்கள் உண்டாகி, ஒன்று மற்றதனை ஏலாது. அப்பொழுது எழும் கிளாஸ்காஸ்ட் பிழை, முதலில் இருந்த குறையினும் அறிதற்கு அரியது. இல்லாத பாக்கேஜின் பெயரைச் சர்வர் தானே சொல்லும். இரட்டிப்பான பாக்கேஜை நாமே தேடல் வேண்டும்.

ஆதலின் மாணாக்கர் கைக்கொள்ளற்பாலன மூன்று. பதிவேட்டில் இறுதிப் பிழையை விடுத்து முதற் பிழையைப் படிக்க. பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. ஒரு வேளையில் ஒன்றனை மட்டுமே மாற்றுக. மாற்றியதனையும் அதன் பயனையும் குறித்துவைக்க. இங்ஙனம் பயின்றோர், பொறியின் பெயரும் பதிப்பும் மாறிய பின்னும், தம் அறிவைப் புதிதாகத் தொடங்க வேண்டுவதில்லை.