எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை உள்ளே தள்ளினால்?

பாத்ரூமில் புது எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். காற்று உள்ளே வீசுகிறது. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமா? – ஒரு வாசகி, மதுரை

ஒயர் மேல் பழி போடாதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் மோட்டார் சுற்றும் திசை மாறாது. ஃபேன்தான் பெரும்பாலும் முன்பின்னாக உட்கார்ந்திருக்கும். எம்.சி.பி.யை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

அப்படியே ஸ்விட்ச்சையும் திறந்து பார்க்கட்டும். ஸ்விட்ச் வழியாக ஃபேஸ்தான் போக வேண்டும். அங்கே நியூட்ரல் இருந்தால், ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் ஃபேனில் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். உலோக ஃபேன் என்றால் பச்சை நிற எர்த் ஒயர் கட்டாயம், ‘அது எதுக்கும்மா?’ என்று கேட்கும் எலக்ட்ரீஷியனுக்குக் காபி கிடையாது!

பிறகு ஓர் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள், புகை வெளியே இழுபடும். மந்தமாகப் போனால், கதவடியில் காற்று நுழைய இடைவெளி இல்லாமல் இருக்கலாம்.