அமர்ந்தபடியே வென்றவர்

பத்தாம் வகுப்பு முடிந்ததும் மேற்படிப்பா, ஷூ கம்பெனி வேலையா என்ற கேள்வி நம் ஆம்பூர் வீடுகளில் எழுகிறது. நம் விருப்பத்தைச் சொல்லவே நாம் அஞ்சுகிறோம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்தார். இனி அறுவை சிகிச்சை செய்ய இயலுமா என்று கலங்கினார். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமென டாக்டர் பால் பிராண்ட் ஊக்கமூட்டினார். தயக்கத்தை உதறிய மேரி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீராக்கினார். பின்னர் நியூயார்க்கில் பயின்று வந்து, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இயலாததை எண்ணி அஞ்சாமல், இயன்றதில் தொடங்குவோம். முதலில், நம் விருப்பத்தைப் பெற்றோரிடம் வாய்திறந்து சொல்வோம்!