டக்ளஸ் டி.சி.3: ஒரு பயணிகள் விமானத்தின் வரலாறு

ஆகாய விமானம் என்றதும் நம் நினைவில் முதலில் தோன்றுவோர் ரைட் சகோதரர்களே. அவர்கள் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் பறந்து காட்டினார்கள் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் மனிதன் பறந்ததற்கும், சாதாரண வணிகர் ஒருவர் சீட்டு வாங்கிக்கொண்டு அச்சமின்றி விமானத்தில் ஏறி அமர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உருண்டோடின. அந்த இடைவெளி எவ்வாறு நிரம்பியது? அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் கட்டிய டி.சி.3 என்னும் விமானத்தின் வரலாறே இதற்குப் பெரும்பாலான விடையைத் தருகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். விமானப் படியை மிதித்தவர் இன்னும் எவருமில்லை. ஆகவே நூலகத்தில் கற்றதையும், இயற்பியல் வகுப்பில் கேட்டதையும் சேர்த்தே இதனை எழுதுகிறேன்.

கதை ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1931ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் ஃபாக்கர் விமானம் ஒன்று கான்சாஸ் மாநிலத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த எட்டுப் பேரும் மாண்டனர். நாடறிந்த கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி அவர்களுள் ஒருவர் என்பதால் அமெரிக்காவே அதிர்ந்தது. அந்த விமானத்தின் இறக்கை மரத்தால் ஆனது. மரப்பகுதிகளைப் பசை கொண்டு ஒட்டியிருந்தனர். உள்ளே புகுந்த ஈரம் பசையின் பிடிப்பைக் குலைத்துவிட, இறக்கை வானிலேயே முறிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பழுது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை. மர இறக்கைகளை அடிக்கடி பிரித்துச் சோதிக்க வேண்டும் என அரசு ஆணையிட்டது. அதற்காகும் செலவு கட்டுப்படியாகவில்லை. இனி உலோக விமானமே வேண்டும் என்ற நிலை பிறந்தது.

அப்போது போயிங் நிறுவனம் 247 என்ற முழு உலோக விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. இரண்டு எஞ்சின்கள், பத்துப் பயணிகள். ஆனால் போயிங்கும் யுனைடெட் ஏர்லைன்சும் அன்று ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. முதல் அறுபது விமானங்களும் யுனைடெட்டுக்கே என்று சொல்லிவிட்டார்கள். போட்டி நிறுவனமான டி.டபிள்யூ.ஏ. வெறுங்கையுடன் நின்றது. அன்று போயிங் சற்றுத் தாராளமாக இருந்திருந்தால் டி.சி.3 பிறந்தே இருக்காது எனலாம்.

டி.டபிள்யூ.ஏ.வின் ஜாக் ஃபிரை 1932 ஆகஸ்டில் விமானம் கட்டும் நிறுவனங்களுக்குச் சுருக்கமான கடிதம் ஒன்றை எழுதினார். மூன்று எஞ்சின்கள், பன்னிரண்டு பயணிகள், 1,080 மைல் தூரம் பறக்கும் திறன் என அதில் பல நிபந்தனைகள். அவற்றுள் ஒன்றுதான் பொறியாளர்களைத் திகைக்க வைத்தது. முழுச் சுமையுடன் ஓடுபாதையில் ஓடும்போதே ஓர் எஞ்சின் நின்றுபோனாலும், விமானம் மேலெழுந்து பறக்க வேண்டும். நிறுவனத்தின் எல்லா விமான நிலையங்களிலும் அது முடிய வேண்டும். அட்லாண்டிக்கைத் தனியே கடந்த சார்லஸ் லிண்ட்பர்க் அப்போது அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆலோசகர். இந்த நிபந்தனையை வற்புறுத்தியவர் அவரே.

டக்ளசின் பொறியாளர் ஆர்தர் ரேமண்ட் முதலியோர் மூன்று எஞ்சின்களுக்குப் பதில் இரண்டே போதும் என்று முடிவு செய்தனர். மூக்கில் எஞ்சின் இல்லையென்றால் காற்றுத் தடையும் குறையும், பயணிகள் அறையில் இரைச்சலும் குறையும். (அக்காலத்து ஃபோர்டு விமானங்களில் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பது வழக்கமாம்!) ஆனால் இரண்டில் ஒன்று நின்றால் பாதித் திறனே மிஞ்சும். அது மட்டுமன்று. இயங்கும் எஞ்சின் ஒரு பக்கமாக இழுப்பதால் விமானம் திரும்பப் பார்க்கும். திருப்புத்திறன் பற்றி நாம் ஆய்வகத்தில் அளவுகோலைத் தொங்கவிட்டுச் செய்யும் சோதனையேதான் இது. வால் சுக்கான் அதற்கு எதிர்த் திருப்புத்திறனைத் தந்து ஈடுகட்ட வேண்டும்.

இங்கே கைகொடுத்தது சுழல்விசிறியில் வந்த ஒரு புதுமை. முன்பெல்லாம் விசிறித் தகடுகளின் சாய்வுக்கோணம் மாறாதது. மலைப்பாதையில் ஏறும் பேருந்தை ஓட்டுநர் எப்படிக் கீழ்க் கியருக்கு மாற்றி ஏற்றுகிறாரோ, அப்படி விமானம் எழும்போது தகடுகளின் கோணம் குறைவாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் எஞ்சின் முழு வேகத்தில் சுழன்று முழுத் திறனையும் தரும். வானில் நிலையாகப் பறக்கும்போது கோணம் மிகுதியாக வேண்டும். கோணம் மாறாத விசிறி, ஒரே கியரில் ஊரெல்லாம் சுற்றும் பேருந்தைப் போன்றது. ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஃபிராங்க் கால்டுவெல் கோணத்தை மாற்றவல்ல விசிறியை வெற்றிகரமாக அமைத்துத் தந்தார்.

டி.சி.1 எனப்பட்ட முதல் விமானம் 1933 ஜூலை 1ஆம் நாள் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் மேலெழுந்தது. எழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின்கள் திணறின. மூக்கைத் தாழ்த்தினால் உயிர்பெற்றன. உயர்த்தினால் மீண்டும் திணறின. விமானி கார்ல் கவர் சிறிது சிறிதாக உயரம் சேர்த்து, வட்டமிட்டு, பத்திரமாகத் தரையிறக்கினார். காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். கார்புரேட்டரில் உள்ள மிதவையின் கீல் பின்புறமாக அமைந்திருந்தது. விமானம் மேல்நோக்கிச் சாய்ந்தால் மிதவை எரிபொருள் வழியை அடைத்துவிடும். கார்புரேட்டரைத் திருப்பிப் பொருத்தினார்கள், கோளாறு நீங்கியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் உண்மையான தேர்வு வந்தது. அரிசோனாவின் வின்ஸ்லோ நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் 14 விழுக்காடு குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் அந்த அளவுக்குக் குறையும். முழு எடையுடன் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். விமானம் எழுந்தது! ஒற்றை எஞ்சினிலேயே மலைப்பகுதியைக் கடந்து சுமார் 240 மைல் தொலைவிலுள்ள ஆல்புகர்க் நகரில் இறங்கியது. விமானப் பயணத்தில் மக்களுக்கு நம்பிக்கை பிறந்த நாள் என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால், நான் இந்த நாளையே குறிப்பேன்.

டி.சி.1 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. அதைச் சற்று நீட்டிப் பதினான்கு இருக்கைகளுடன் 1934இல் டி.சி.2 வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்தில் டச்சு நிறுவனமான கே.எல்.எம்., 'யூவர்' என்ற டி.சி.2 விமானத்தைப் பயணிகளுடனும் தபாலுடனும் அனுப்பியது. நம் அலகாபாத்தும் அப்பந்தயத்தின் கட்டாய நிறுத்தங்களுள் ஒன்று. ஆஸ்திரேலியாவில் இரவுப் புயலில் யூவர் வழி தவறியது. ஆல்பரி நகர மக்கள் வானொலி அறிவிப்பைக் கேட்டுக் குதிரைப் பந்தயத் திடலுக்குக் கார்களில் விரைந்து, முகப்பு விளக்குகளால் வெளிச்சம் காட்டினர். விமானம் அந்த ஒளியில் இறங்கியது. மறுநாள் சேற்றில் புதைந்த அதை ஊரே சேர்ந்து இழுத்து விட்டது. பந்தயத்திற்கென்றே கட்டிய ஒரு விமானம் முதலில் வர, இந்தப் பயணிகள் விமானம் இரண்டாவதாக வந்தது. அதே யூவர் இரண்டே மாதங்களில் ஈராக் பாலைவனத்தில் விழுந்து, அதிலிருந்த அனைவரும் இறந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர்.ஸ்மித் படுக்கை வசதியுள்ள விமானம் கேட்டார். டி.சி.2இன் உடலை அகலமாக்கினார்கள். அதுவே டி.சி.3. அது முதலில் பறந்த நாள் 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள்! பதினான்கு படுக்கைகள் வைத்த அறையில் இருபத்தொரு இருக்கைகள் வைக்க முடிந்தது. டி.சி.2ஐ விட இருக்கை ஒன்றரை மடங்கு. இயக்கும் செலவோ சிறிதளவே கூடுதல். அதுவரை அரசின் தபால் பணத்தை நம்பியே பிழைத்த நிறுவனங்கள், பயணிகளின் கட்டணத்தாலேயே லாபம் காண முடிந்தது. பாதுகாப்பு என்பது செலவு என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் இதே விமானம் சி-47 என்றும் டக்கோட்டா என்றும் பெயர் பூண்டது. அமெரிக்காவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. சோவியத் நாட்டிலும் ஜப்பானிலும் உரிமம் பெற்றுக் கட்டினார்கள்.

போர் முடிந்ததும் மிஞ்சிய டக்கோட்டாக்கள் மலிவாக விற்கப்பட்டன. இந்தியாவில் பல விமான நிறுவனங்கள் அவற்றைக் கொண்டே தோன்றின. 1947 அக்டோபர் 27ஆம் நாள் சீக்கியப் படைப்பிரிவினரை ஸ்ரீநகரில் இறக்கியவை டக்கோட்டாக்களே. 1949இல் இரவு விமானத் தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பும். 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதற்குக் கிடைத்த விமானங்களில் மிகப் பெரும்பாலானவை டக்கோட்டாக்கள். பழைய டக்கோட்டா ஒன்று இங்கிலாந்தில் பழுது பார்க்கப்பட்டு, 'பரசுராமா' என்ற பெயருடன் 2018இல் நம் விமானப் படையின் தொன்மை விமானப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து அது கப்பலில் வரவில்லை, பறந்தே வந்தது.