சிறு செய்தியும் பெருங்கேடும்



இரவில் உறங்குமுன் நாம் கதவைத் தாழிடுகிறோம். நகையையும் பத்திரங்களையும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். ஆனால், கைப்பேசியை எடுத்தவுடன் பிள்ளையின் பெயர், பிறந்தநாள், படிக்கும் பள்ளி, வீட்டில் ஆளில்லாத நாள் ஆகிய அனைத்தையும் முகநூலிலும் புலனத்திலும் ஊரறியச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றும் சிறு செய்திதானே என எண்ணுகிறோம். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி நன்மைக்கு மட்டும் உரியதன்று.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். நம் நாட்டு அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தின் குறியீடு. பேராக்கிற்கு 08, சிலாங்கூருக்கு 10. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை; பெண்ணுக்கு இரட்டைப்படை. 2015 மார்ச் 9ஆம் நாள் பேராக்கில் பிறந்த பிள்ளையின் எண் 150309-08 எனத் தொடங்கும். ஆகவே, "ஈப்போவில் பிறந்த எங்கள் செல்வத்திற்கு இன்று பத்து வயது" என்று படத்துடன் எழுதும்போது, அவ்வெண்ணில் மூன்றில் இரண்டு பங்கை நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இவ்வாறு பொறுக்கிய செய்திகளை ஏமாற்றுவோர் எங்ஙனம் பயன்படுத்துகின்றனர்? வங்கி அலுவலர் என்றோ காவல் அதிகாரி என்றோ கூறித் தொலைபேசியில் அழைப்பர். நம் பெயரையும் அடையாள எண்ணையும் அவர்களே சொல்வர். இத்தனையும் அறிந்தவர் மெய்யான அதிகாரியே என நாம் மயங்குவோம். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பல்லாண்டு சேர்த்த பணம் ஒரே நாளில் பறிபோகும்.

நம் கவனக்குறைவு பிறரையும் தாக்கும். பல்வகைப் பண்புகளைக் கணிக்கும் ஒரு வினாவிடைச் செயலியைச் சில இலட்சம் பேர் முகநூலில் பயன்படுத்தினர். அதன் வழியே அவர்தம் நண்பர்களின் தகவல்களும் திரட்டப்பட்டன. 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என 2018இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அது வணிக நிறுவனங்கள் நம் தகவலைக் கையாளும் முறையை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால், நாமே முச்சந்தியில் வைத்த பொருளுக்கு எச்சட்டம் காவல் நிற்கும்?

ஆதலின், பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போம்:

1. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றின் படங்களைப் பொதுவில் இடலாகாது.

2. குறுஞ்செய்தியில் வரும் ஆறிலக்க எண்ணை எவருக்கும் கூறலாகாது. கூறினால் நம் புலனக் கணக்கு அவர் கைக்குச் சென்றுவிடும். பிறகு நம் பெயராலேயே நம் உறவினரிடம் பணம் கேட்பர்.

3. படம் எடுக்கும்போது இருப்பிட வசதியை அடைத்து வைத்தல் நன்று. இல்லையேல், எடுத்த இடமும் படத்துடன் பதிவாகிவிடும்.

4. முகநூலின் விதிப்படி 13 வயது நிரம்பாதோர் கணக்குத் தொடங்கக்கூடாது. வயதைக் கூட்டிச் சொல்லிப் பிள்ளைக்குக் கணக்குத் திறந்து தருதல் தகாது.

5. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், வங்கிக்கும் 997 என்னும் எண்ணுக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

மாணவர்களே! இன்று மாலை பெற்றோருடன் அமர்ந்து, வீட்டுக் கைப்பேசியில் உள்ள செயலிகளையும், அவற்றுக்கு அளித்துள்ள அனுமதிகளையும் வாசித்துக் காட்டுங்கள். தேவையற்றவற்றை அவர்தம் இசைவுடன் நீக்குங்கள். கற்ற கல்வி வீட்டைக் காப்பதற்கும் ஆகும்.

வருமுன் காப்போம்!